மூன்றாம் முறையும் கேட்கிற ஊர்

அண்ணா,

மார்ச் மாதம் வந்துவிட்டது. இங்கே நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையின் வாசலிலேயே, ஐரிஷ்காரர்கள் பண்டிகைக்காகப் பச்சைக் காகிதத்தில் தோரணம் கட்டி, அதன் கீழே மேஜை போட்டு ரொட்டியை அடுக்கிவிட்டார்கள். ‘ஐரிஷ் சோடா பிரெட்’ என்று ஓர் அட்டை வேறு. இவர், அதான் உன் மாப்பிள்ளை, இருந்தவரை கடைக்குப் போவது அவர் வேலை. அவர் காலமான பிறகு நான்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அலைகிறேன். ஒரு ரொட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே சர்க்கரைத் தூவல், உள்ளே கொத்துக்கொத்தாக உலர்ந்த திராட்சை. ஆனால் அந்தப் புளித்த மோரும் சுட்ட மாவும் கலந்த வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“திராட்சை போட்டா அது கேக்குடி. ரொட்டி இல்ல” என்று ஃபோனில் எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. திருச்சியில் பிறந்து, தஞ்சாவூரில் டாக்டருக்குப் படித்து, நாற்பது வயதுவரை ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது என்று நினைத்திருந்தவன், அயர்லாந்து ரொட்டிக்கு வக்காலத்து வாங்க எங்கிருந்து வந்தாய்? கடையில் நின்றபடியே உன்னைத் திட்டினேன். பக்கத்தில் முட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எல்லோரும் போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறார்கள். எனக்கு உன்னோடு சண்டையே இன்னும் முடியவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஆயிரம் தடவை சொன்னதுதான். நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதே உனக்காகத்தான். எனக்கு அந்த நீல பாஸ்போர்ட்டின் மேல் ஓர் ஆசையும் இருந்ததில்லை. சிட்டிசனாக இருந்தால்தான் கூடப் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு கேட்க முடியும் என்றார்கள். போய்க் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பா போனபின் அம்மா திருச்சியில் சித்தி வீட்டில் இருந்தாள். “ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்தீங்கன்னா போதும், நான் கண்ணை மூடிட்டு கிளம்பி வந்துடறேன்” என்பதுதான் அவள் பாட்டு. அந்த ஒரே ஊர் நியூஜெர்சி என்று நான் முடிவு செய்தேன். என் பக்கத்தில் நீ, நம் இருவருக்கும் நடுவில் அம்மா. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது.

எண்பத்து மூன்றில் நீ வந்து இறங்கினாய். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பதைத் தொட்டவன். கையில் ஒரு பெட்டி, ஒரு ஸ்டெதாஸ்கோப், பிளாஸ்டிக் பையில் அம்மா கொடுத்த நாரத்தங்காய். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்: “காபி போடட்டுமா?” “வேணாம்டி, உனக்கு எதுக்கு சிரமம்” என்றாய். நான் போட்டேன். நீ குடித்தாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி இலக்கணம் அது. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பது நிஜமாகத்தான் சொல்கிறானா என்று பார்க்க. மூன்றாவது தடவை கேட்பதே இல்லை, பரிமாறிவிடுவது. உண்பவனும் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்வான். “போதும் போதும்” என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவான். விரல்களுக்கு நடுவே சாம்பார் இறங்குகிற அளவுக்கு இடம் விட்டிருப்பான். இதில் நீ மகா நிபுணன். அப்பா உன்னைச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டபோதுகூட, “வேணாம்ப்பா, உங்களுக்கு எதுக்கு சிரமம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு முன்னால் போய் நின்றவன் நீ.

அமெரிக்காவில் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் இலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதை உனக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

இவருடைய ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ இறைச்சி தொடாதவன். அங்கே உனக்கு ஆகக்கூடியது அந்த ஆப்பிள் பை ஒன்றுதான். அந்த அம்மாள் தட்டோடு வந்து கேட்டாள். “நோ, தேங்க் யூ” என்றாய், சிரித்த முகமாக. அவளும் சிரித்த முகமாக அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். உன் கண் அந்தத் தட்டின் பின்னாலேயே போனதை நான் பார்த்தேன். காரில் ஏறியதும், “என்னடி, இன்னொரு தடவைகூடக் கேக்கல?” என்றாய். உன் மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு மோர்சாதம் பிசைந்து போட்டதும் நான்தானே.

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பித்தேன். “இங்க யாராவது ஏதாவது வேணுமான்னு கேட்டா முதல் தடவையே யெஸ் சொல்லணும். சொல்லு, யெஸ்.” பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி “யெஸ்” என்பாய். அடுத்த வீட்டில் போய் வாய் தானாக “நோ நோ, ப்ளீஸ் டோன்ட் ட்ரபிள்” என்று ஆரம்பித்துவிடும். கல்லூரியில் தங்கமெடல் வாங்கிய மூளைக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் ஏறவே இல்லை. பரீட்சையெல்லாம் முதல் தடவையே பாஸ். வெளிநாட்டு டாக்டர்கள் மூன்று தடவை, நான்கு தடவை எழுதி மண்டை காய்ந்துகொண்டிருந்த காலத்தில் நீ ஊதித் தள்ளினாய். அதன்பிறகு வேண்டியதெல்லாம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்ற பயிற்சி டாக்டர் இடம். அது கிடைத்தால்தான் இந்த ஊரில் டாக்டர். எழுபது எண்பது இடங்களுக்கு எழுதிப்போட்டு, கடைசியில் ஒரே ஓர் ஆஸ்பத்திரி உன்னை நேரில் கூப்பிட்டது.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நீ டையைத் தளர்த்திக்கொண்டே உள்ளே வந்தாய், முகமெல்லாம் வெளிச்சம். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“எப்படி இருந்துது?”

“பிரமாதம்டி. அந்த டைரக்டர் தங்கமான மனுஷன். அரைமணி நேரம் பேசினார். கடைசியில, ‘ஒரே ஒரு இடம்தான் இருக்கு டாக்டர், இன்னொருத்தரும் கேக்கறார், உங்களுக்கு வேணுமா’ன்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்காக நீங்க சிரமப்பட வேணாம், அவருக்கே குடுத்தாலும் பரவாயில்லன்னேன்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். ‘வெரி ஜெனரஸ் ஆஃப் யூ’ன்னார். கூப்பிடுவார் பாரேன்.”

“அண்ணா, அவர் கூப்பிட மாட்டார்.”

“அது எப்படி? இன்னொரு தடவை கேக்காம எப்படிடி விடுவார்?”

உன் மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து கராஜுக்குப் போனார். அங்கே சுத்தியலையும் ஸ்பானரையும் எடுத்து எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் நானே அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். என் அண்ணன் சொன்னதற்கு அர்த்தம் அது இல்லை, அவருக்கு அந்த இடம் ரொம்ப வேண்டும், எங்கள் ஊரில் அப்படித்தான் பேசுவோம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டாள். “ஆனால் டாக்டரே விலகிக்கொண்டாரே, மேடம்” என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நீ ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். காலையில் ஆறு மணிக்கு ஊசியும் குழாயுமாக ஆரம்பித்து மத்தியானம் வரை. வேறு ஆட்களிடம் துடித்துப்போகிறவர்கள் உன்னிடம் வலியே தெரியவில்லை என்று சொல்வார்களாம். ஆனால் ஊசி குத்தியபின் அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, “பார்க்கிங் டிக்கெட்டில் எங்கே முத்திரை போடுவார்கள்?” என்பதுதானாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாய். நீ மெலிந்துகொண்டே போனதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தைந்து செப்டம்பரில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உன்னோடு தஞ்சாவூரில் படித்தவர் ஒருவர் அயர்லாந்தில் இருக்கிறார், மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் வயதான டாக்டர் ஒருவர் உதவிக்கு ஆள் தேடுகிறாராம், ஆறு மாதம் போய்விட்டு வருகிறேன் என்று. இவர் அட்லஸைக் கொண்டுவந்து பிரித்தார். அந்த ஊர் அதில் இல்லை. “சர்ச் ஒண்ணு, தெரு ஒண்ணு, மதுக்கடை ஏழு” என்றாய், ஏதோ காசிக்குப் போகிறவன் கங்கையைப் பற்றிச் சொல்வது மாதிரி. குடிக்காதவன், கறி தின்னாதவன், தும்மினால் சுக்குக்கஷாயம் கேட்கிறவன். உனக்கு எதற்கு அந்த ஊர்? நான் கத்தினேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கினால் கார்டு போய்விடும் என்று எழுதியே காட்டினேன். “ஆறே மாசம்டி” என்றாய். அக்டோபரில் கிளம்பினாய். விமான நிலையத்தில் உனக்குக் குல்லாய் மாட்டிவிட்டேன்.

ஆறு மாதம் எட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஃபோன் செய்வேன். அதில் இருந்த எரிச்சல் தனி. உன் ஊரில் அப்போது ஃபோனெல்லாம் தபாலாபீஸ் பலகை வழியாகத்தான், நம் ஊர் டிரங்க் கால் மாதிரி. பலகையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளைத் தாண்டித்தான் உன்னிடம் வர முடியும்.

“யாரு, டாக்டரோட தங்கச்சியா? அவர் வீட்டுல இல்லையே. மேட்டு வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்குது, அங்க போயிருக்கார். அங்கயே குடுக்கட்டுமா? அது சரி, உங்க பொண்ணுக்கு இருமல் தேவலையா?”

நியூஜெர்சியில் என் பக்கத்து வீட்டுக்காரிக்கு எனக்கு ஒரு பெண் இருப்பதே அரைகுறையாகத்தான் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருத்தி அவள் இருமலை விசாரிக்கிறாள். பிறகு உன் குரல் வரும், யாரோ ஒருவருடைய அடுப்படியிலிருந்து, பின்னால் நாய் குரைக்கும். “எப்ப வர?” என்பேன். “பார்க்கலாம்” என்பாய். அடுத்த வாரம் “பார்க்கலாம்.” மே மாதம் முதல்முறையாக, “வேணாம்னு தோணுது” என்றாய்.

நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உன் ‘வேணாம்’ எனக்குத் தெரியாதா? அதோடு சேர்ந்தே வளர்ந்தவள் நான். இவனை இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்று முடிவு செய்தேன். ஜூலையில் உன் பெயருக்கு ஒரு டிக்கெட்டையும் வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, எட்டு வயது மகளோடு அயர்லாந்தில் ஷானன் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன்.

ஜூலை மாதம், அண்ணா! ஜூலையில் ஸ்வெட்டர். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். வீடு, துணி, தலைமுடி எல்லாம் அந்தப் புகை. நோரீன் என்ற அம்மாளின் மளிகைக் கடைக்கு மேலே உனக்கு இரண்டு அறை. நீ அவளை “நோரீன் அக்கா” என்றே கூப்பிட்டாய், அவளும் அதுதான் தன் முழுப்பெயர் என்பது மாதிரி திரும்பிப் பார்த்தாள். காலையில் உருளைக்கிழங்கு, மத்தியானம் உருளைக்கிழங்கு. நீ அதன்மேல் மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டு, ஏதோ கல்யாணச் சாப்பாடு மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

இரண்டாம் நாள் உன்னோடு நடந்து போனோம். மழை. பின்னால் டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர் நிறுத்தினார்.

“ஏறுங்க டாக்டர்.”

“வேண்டாம், நடந்தே போயிடுவோம்.”

“மழை பெய்யுதே. ஏறுங்க.”

“உங்களுக்கு எதுக்கு சிரமம்? பக்கத்துலதான்.”

டிராக்டர் போகவில்லை. எங்கள் நடைக்குச் சமமாகப் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. கொஞ்ச தூரம் எல்லோரும் அப்படியே போனோம். பிறகு அவர், “டாக்டர், ஏறுங்கன்னா ஏறுங்களேன்” என்றார். நீ ஏறினாய். ஏறி உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை! இரண்டு வருஷமாக நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையெல்லாம் அந்த மழையில் கரைத்துவிட்ட பார்வை. நான் என் நல்ல ஷூவோடு சக்கரத்தின் மேல்தகட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக நான் எந்த வாகனத்திலும் போனதில்லை.

எங்கே போனாலும் இதே கதைதான். டீ குடியுங்கள் என்பார்கள், வேண்டாம் என்பாய், கெட்டிலைக் கீழே வைக்க மாட்டார்கள். ஒரு கிழவி முட்டைக்கூடையை நீட்டினாள், நீ மறுத்தாய், அவள் உன் கார் ஸீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நோரீனின் மேஜையில் நீ தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினாய்; அவள் கரண்டி உன் விரல் சந்து வழியாகப் புகுந்து வந்தது. என் மகள் என் காதில், “அம்மா, ஹீ ஸெட் நோ. வொய் இஸ் ஷீ கிவிங்?” என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நோரீனின் அடுப்படியில் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் கீழே கடையில் இருந்தாள், குழந்தை அவளோடு. நாம் இரண்டு பேர்தான்.

“அக்டோபருக்கு முன்னால ஒரு தடவை வந்து இறங்கிடு. கார்டு பிழைச்சுக்கும். நான் வேற ஆஸ்பத்திரியெல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கேன்.”

“வேணாம்” என்றாய்.

நான் காத்திருந்தேன். ‘உனக்கு எதுக்கு சிரமம்’ என்ற வால் அடுத்து வரும். அது வந்தால் நான் ஜெயித்தேன். வால் வரவில்லை.

“அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கணும்னு அவ எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கா?”

“அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். வேணாம்டி.”

“உனக்காக நான் என் பாஸ்போர்ட்டையே மாத்திக்கிட்டேன் அண்ணா. எனக்காகவாவது வா.”

நீ டீ கோப்பையைக் கீழே வைத்தாய். எப்போதும் வேண்டாம் என்று சொல்லும்போது தரையைப் பார்க்கிறவன், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாய்.

“வேணாம். நிஜமாவே வேணாம். அங்க நான் தெனமும் வெளிய போறதுக்கு முன்னால என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்துட்டுப் போவேன். அப்படியும் தப்பாத்தான் சொல்வேன். இங்க நான் என் இஷ்டத்துக்குப் பேசறேன், அவங்களுக்குப் புரியுது. ஆயுசு பூரா நான் சொன்னதை நீ மாத்தி எடுத்துக்கிட்ட, அது சரியாவும் இருந்துது. இந்த ஒரு தடவை மட்டும் நான் சொல்றதை அப்படியே எடுத்துக்கோ.”

முட்டாள் என்றேன். மழைக்கும் மாட்டுக்கும் நடுவில் கிழவனாகிச் சாவாய் என்றேன். உருளைக்கிழங்கு தின்பதற்கா அம்மா உன்னைப் பெற்றாள் என்றுகூடக் கேட்டேன். நீ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய். நான் கத்தி முடித்தபோது நோரீன் படியேறி வந்து என் கோப்பையைப் பார்த்தாள். ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு, கேட்காமலே புதிதாக ஊற்றினாள்.

திரும்பி வரும்போது விமானத்தில் எனக்குப் பக்கத்து ஸீட் காலியாக இருந்தது, டிக்கெட் வாங்கிய ஸீட். கார்டு போனது பெரிதில்லை. நீ டாக்டராக இருக்கிறாய், சந்தோஷமாக இருக்கிறாய் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. என்னோடு இருப்பதைவிட முன்பின் தெரியாத ஜனங்களோடு இருப்பது உனக்கு வசதியாகப் போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கூடப் பிறந்தவளிடம் கிடைக்காதது அந்தக் கிழவிகளிடம் என்ன கிடைத்தது? இதை உன்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

அக்டோபர் வந்தது, போயிற்று. “கார்டு போனா போகட்டும், ஆள் நல்லா இருக்காரே” என்று உன் மாப்பிள்ளை சொன்னார். அவரோடும் ஒரு வாரம் பேசவில்லை.

அம்மா செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். எண்பத்தெட்டில் என்னிடம் வந்து மூன்று மாதம் இருந்தாள். அப்படியே உன்னைப் பார்க்க அங்கே வந்தாள். வந்த இரண்டாம் நாள் எனக்கு ஃபோன்: “இங்க எல்லாரும் நம்ம ஜனங்க மாதிரி இருக்காங்கடி. வேணாம்னா விட மாட்டேங்கறாங்க. உங்க ஊர்லதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு டப்பாவை மூடிடறாங்க.” ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத அம்மா! பின்னால் நோரீனும் அவளும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வேறு. நான் ரிசீவரை டொக்கென்று வைத்தேன். அம்மா கடைசிவரை திருச்சியிலேயே இருந்துவிட்டாள், ஆனால் அந்த ஃபோனுக்குப் பிறகு ஒரே ஊர் பாட்டைப் பாடவே இல்லை.

பிறகு வருஷங்கள் எப்படியோ ஓடின. நோரீன் போனாள், அவள் மகள் கடையை எடுத்துக்கொண்டாள். தபாலாபீஸ் பலகையை எடுத்துவிட்டு நேராக டயல் செய்யும் ஃபோன் வந்தது; பிறகு வீடியோ வந்தது. வீடியோவில் கூப்பிட்டால் நீ கேமராவை உத்தரத்துக்குக் காட்டிக்கொண்டு பேசுவாய். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பத்து நிமிஷம் கத்த வேண்டும். உனக்கு நுரையீரலில் கோளாறு என்பதையே அப்படித்தான் கண்டுபிடித்தேன். உத்தரம்தான் தெரிந்தது, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவது கேட்டது. டாக்டரிடம் வியாதி பற்றிக் கேட்டால் மழை பற்றிப் பேசினாய்.

“நான் வரட்டுமா அண்ணா?” என்றேன்.

“வேணாம்டி. இந்த வயசுல உனக்கு எதுக்கு சிரமம்? குளிர் வேற.”

வால் வந்துவிட்டது. நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன். எனக்கும் முழங்கால் வலி, தனியாக விமானம் ஏறி வருஷங்கள் ஆகியிருந்தன. வருகிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நான்கு தடவை வேண்டாம் என்பாய், உனக்கு மூச்சு வாங்கும். மகளிடம் மட்டும் சொன்னேன், மாமாவுக்குத் தெரியவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி.

டாக்ஸி உன் தெருவில் நின்றபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது, வேறு என்ன. கடைக்குள் நுழைந்து குடையை மடக்கினேன். நோரீனின் மகள் கல்லாவிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“தங்கச்சிதானே? வியாழக்கிழமை வந்துடுவீங்கன்னு டாக்டர் சொன்னாரே. இன்னிக்கு வெள்ளியாச்சு, எங்க காணோம்னு காலையிலருந்து கேட்டுட்டு இருக்கார்.”

என் மகளைத் தவிர உலகத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை, அண்ணா. அவளும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டு, ஊர் பூராவும் நான் வருவதாகச் சொல்லிவைத்திருக்கிறாய். அது மட்டுமல்ல, நான் ஒரு நாள் தாமதம் என்று புகார் வேறு! அந்தப் படியில் நின்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேலே வந்தபோது பக்கத்து அறைக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. நீ தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்து, “ஏண்டி வந்த? வேணாம்னு சொன்னேனே” என்றாய். “வாயை மூடு” என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இருந்த மூன்று வாரத்தில் நாம் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறது.

இப்போது உன் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் மகள், நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் சான் ரமோனிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கும் ஆபீஸ், குழந்தைகள், ஆயிரம் வேலை.

“அம்மா, நெக்ஸ்ட் வீக் ஐ கேன் ஃப்ளை டவுன். ஷுட் ஐ கம்?”

“வேணாம்மா. உனக்கு வேலை இருக்கும். எதுக்கு சிரமம்?”

“ஆர் யூ ஷ்யூர்?”

“ஆமாம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“ஓகே அம்மா. லவ் யூ.”

இரண்டு தடவை கேட்டாள். இந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு இரண்டே அதிகம், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வைத்தபிறகும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவனை அந்த நிமிஷமே கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போல இருந்தது. உன் நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடம். விரல் அதுவாகவே பாதி நம்பர் வரைக்கும் போய்விட்டது, அண்ணா.

உன் தங்கை